சாயங்காலமும் தொண்ணூறு

மேனர் பார்க், லண்டன்
24.1.2009, சனிக்கிழமை

உயர்திரு சம்பந்தி பாலசுப்பிரமணியன் அவர்கள் சமூகத்துக்கு, ஜம்புநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், மகன் கிரண் நலம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் முறை. அந்த முறையில் பாதியைத்தான் இன்று என்னால் கடைப்பிடிக்க முடியும். நான் நலம். மருமகள் ஹம்சினி தங்கள் வீட்டில் நல்ல கவனிப்பில் இருப்பாள், வேளாவேளைக்கு மருந்து சாப்பிடுவாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிரசவம் பிப்ரவரி இருபதாம் தேதி என்று டாக்டர் சொல்லியிருப்பதை நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு தாங்கள் போனில் கேட்டது ஒரே கேள்வி. "மாப்பிள்ளை பிரசவத்துக்கு வருவாரா, மாட்டாரா? ஒரு வார்த்தையில சொல்லுங்க சம்பந்தி." நான் இருமினேன். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். அதற்குப் பிறகு தாங்கள் நான்கு முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம், அன்றைக்குப் பதில் எனக்கே தெரியாது. அந்தப் பதிலுக்குப் போக வேண்டுமானால் சைக்கிள் டயருக்குக் காற்று அளக்கும் கேஜ் வாங்கிய கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

நான் செப்டம்பரில் இங்கே வந்து இறங்கிய வாரத்திலேயே கிரண் ஆபீசுக்குச் சைக்கிளில் போகிறவன் என்று தெரிந்துகொண்டேன். கேனரி வார்ஃபில் இருக்கும் அவன் வங்கி வரைக்கும் முக்கால் மணி நேரம், திரும்ப முக்கால் மணி நேரம், உடம்புக்கு நல்லது என்றான். அக்டோபரில் ஒரே வாரத்தில் இரண்டு தடவை டயர் இறங்கி, பாதி வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் லேட்டானான். காற்று குறைவாக வைத்து ஓட்டினால் டியூப் நசுங்கி ஓட்டை விழும் என்பது எனக்குத் தெரியும். அவனோ டயரை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு ஏறிப் போகிறவன். முப்பத்து நான்கு வருடம் தஞ்சாவூர் வட்டாரத்தில் எடை, அளவு முத்திரை ஆய்வாளராக இருந்து, எத்தனை தராசை, எத்தனை படியைப் பறிமுதல் செய்தவன் நான் என்பது தாங்கள் அறிந்ததே. என் வீட்டு வாசலிலேயே விரலால் ஓர் அளவா? "இனிமே டயர் என் பொறுப்பு" என்றேன். "வேண்டாம்ப்பா, விரலால பாத்தாப் போதும்" என்றான். விரலுக்கு யார் முத்திரை போட்டார்கள் என்று கேட்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டான், அவன் வழக்கம் அது.

முதலில் வாங்கியது பேனா மாதிரி இருக்கும் கேஜ். வால்வில் வைத்து அமுக்கினால் உள்ளிருந்து ஒரு குச்சி வெளியே வந்து எண்ணைக் காட்டும். அது கார் டயருக்கானது என்று கடையில் ஒருவரும் சொல்லவில்லை. கிரணின் சைக்கிள் வால்வு ஊசி போல மெல்லியது, தலையில் குட்டியாக ஒரு திருகு வேறு. காலை ஆறு மணிக்கு நான் இதை அதன் மேல் வைத்து அமுக்க, குச்சி வரவில்லை, காற்றுதான் வந்தது, முழுவதும் வந்தது. பம்பில் அடித்து ஏற்றுவதற்குள் மணி ஏழே முக்கால். அன்றைக்கும் அவன் லேட். மெல்லிய வால்வுக்கென்றே இருக்கும் வட்டமுக கேஜை அடுத்து வாங்கினேன். அதன் முத்திரைச் சான்றிதழ் எங்கே என்று கவுண்டரில் இருந்த பெண்ணைக் கேட்டேன். அந்தப் பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விலைச் சீட்டைக் காட்டி, இதுதான் இருக்கிறது என்றாள். சான்றிதழ் இல்லாத கருவியைச் சாட்சி இல்லாமல் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வராது என்பதால், அதைச் சோதிக்க எண் காட்டும் பேட்டரி கேஜ் ஒன்றும் வாங்கினேன். வட்டமுகம் தொண்ணூறு பவுண்டு அழுத்தம் காட்டினால் பேட்டரி எண்பத்தெட்டு காட்டும். பத்து நாள் பார்த்தேன், எப்போதும் அதே இரண்டுதான் வித்தியாசம். ஒரே சீராகத் தப்பு சொல்கிற கருவியை நம்பலாம். வட்டமுகத்தை வைத்துக்கொண்டேன்.

அளக்கும் முறையையும் எழுதிவிடுகிறேன், தங்கள் பேரனோ பேத்தியோ நாளைக்குச் சைக்கிள் ஓட்டும்போது உதவும். திருகைத் தளர்த்தி, ஒரு தட்டுத் தட்டி, கேஜை நேராக வைத்து அமுக்க வேண்டும். சாய்த்தால் ஊசி வளையும். ஒவ்வொரு அளவுக்கும் கொஞ்சம் காற்று போகும், ஆகவே ஒரு தடவைதான் அளக்கலாம். பின் டயருக்கு முன் டயரைவிடச் சற்றுக் கூடுதல், கிரண் எடைக்குப் பின்னால் தொண்ணூறு. காலையில் கிளம்பும் முன் ஒன்று, சாயங்காலம் சைக்கிள் வீட்டுக்குள் ஏறிய கையோடு ஒன்று என்று குறித்து வந்தேன். காற்று குளிர்ந்தால் சுருங்கும். வீட்டுச் சூட்டில் தொண்ணூறு இருக்கிற டயர் இந்த ஊர்க் குளிரில் முக்கால் மணி நேரம் ஓடித் திரும்பினால் நான்கைந்து குறைத்துக் காட்டும். அக்டோபர் கடைசி வாரம் முழுக்க எண்பத்தைந்து, எண்பத்தாறு. எல்லாம் ஒழுங்கு.

நவம்பர் முதல் வாரம் ஹம்சினி அங்கே புறப்பட்டு வந்தாள். அடுத்த வாரத்திலிருந்து சாயங்காலமும் தொண்ணூறு.

குளிரோ நாளுக்கு நாள் கூடுகிறது, டயர் தொண்ணூறிலேயே நிற்கிறது. கேஜ் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து கடைக்குப் போய்ச் சண்டை போட்டு மாற்றி வந்தேன். புதியதும் தொண்ணூறு. பேட்டரி கேஜை எடுத்தேன், எண்பத்தெட்டு, அதாவது தொண்ணூறு. கம்பெனிக்கு இரண்டு பக்கத்தில் புகார் எழுதினேன். பக்கத்து வீட்டு ஞானேஸ்வரன் யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருடமாக இங்கே இருக்கிறார், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஐயா, மூண்டும் ஒரே கதைதானே சொல்லுது. பிறகேன் கேஜோடை சண்டை பிடிக்கிறியள்?" என்றார். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. வங்கியில் சைக்கிள் நிறுத்த ஹீட்டர் போட்ட அறை கட்டியிருப்பார்கள்! "எங்க பையன் ஆபீஸ்ல சைக்கிளுக்குக்கூட ஹீட்டர்" என்று பெருமையாகச் சொன்னேன். அந்த மனிதர், "ஓம் ஐயா, இருக்கும்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். பகல் முழுக்கச் சூடான அறையில் நின்றாலும் திரும்பி வருகிற முக்கால் மணி நேரம் குளிரில்தானே வர வேண்டும் என்பது எனக்கு உறைக்க இரண்டு மாதம் ஆயிற்று. பெரிய பெரிய வங்கிகள் கவிழ்வதைத் தினம் டிவியில் பார்த்துக்கொண்டே, நம் பையன் வங்கி கெட்டி என்று தங்களுக்குப் போன் போட்டுச் சொன்னவன் நான். கிரணின் அம்மா வேதவல்லி உயிரோடு இருந்திருந்தால் பையன் முகத்தைப் பார்த்தே முதல் நாளே சொல்லியிருப்பாள். நான் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுத் தை வெள்ளி. ஹம்சினிக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டுமென்று அர்ச்சனை செய்ய சர்ச் ரோடு முருகன் கோயிலுக்கு நடந்து போனேன், வீட்டிலிருந்து பத்து நிமிடம். செருப்பு கழற்றும் இடத்தில் ஹீட்டருக்குப் பக்கத்தில் கிரணின் சைக்கிள் சாய்ந்து நின்றது. மணி பகல் பன்னிரண்டரை. அதே மாதிரி வேறு சைக்கிள் இருக்கக் கூடாதா என்று என்னையே கேட்டேன். கோட்டுப் பையில் கேஜ் இருந்தது, எப்போதும் இருக்கும். குனிந்து பின் டயரில் வைத்தேன். தொண்ணூறு. செருப்பு கழற்ற வந்த ஓர் அம்மா நான் காற்றைத் திருடுகிறேனோ என்று பார்த்தார். உள்ளே அன்னதானக் கூடத்தில் கடைசி மேஜையில் கிரண் உட்கார்ந்திருந்தான். டை கட்டியிருந்தான். லேப்டாப் பையைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, தலை நிமிராமல் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தவர் தண்ணீரை நகர்த்தி வைத்தார், தினம் பார்க்கிறவர் போல. ஆபீஸ் கேன்டீனில் சாப்பாடு பிரமாதம் என்று இரண்டு மாதமாக என்னிடம் சொல்லி வந்த பிள்ளை அவன்.

சம்பந்தி, நான் அவன் எதிரில் போகவில்லை. போயிருக்க வேண்டுமா என்று இப்போதும் தெரியவில்லை. அர்ச்சனைத் தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு வெளியே வந்து, கண்ணில் பட்ட செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். வீட்டு வாசலில் குனிந்து பார்த்தால் அது வேறு யாருடையதோ, என் காலைவிட ஒரு விரற்கடை சின்னது. பாதிக் குதிகால் தரையில் தேய்ந்து ரத்தம் வந்திருந்தது, எனக்கு வலித்ததாக நினைவில்லை. அதைத் திருப்பிக் கொடுக்க மறுபடி கோயிலுக்குப் போனேன். என் செருப்பு இருந்தது, சைக்கிள் இல்லை. அதன் பிறகு அவன் எங்கே போய் உட்காருவான் என்று யோசித்தபடியே வந்தேன். இந்தக் குளிரில் பார்க்கிலா, நூலகத்திலா, தெரியவில்லை.

ஆறரை மணிக்கு வந்தான். "ஆபீஸ்ல ஒரே வேலைப்பா" என்றான். சரி என்றேன். வழக்கம்போல கேஜை வைத்தேன். டையைக் கழற்றிக்கொண்டே, "எவ்வளவு காட்டுதுப்பா?" என்றான். முள் தொண்ணூறில் நின்றது. "எண்பத்தஞ்சு" என்றேன். "சரியா இருக்கா?" என்றான். "ரொம்பச் சரியா இருக்குப்பா" என்றேன். ஐந்து கிராம் குறைந்ததற்காகக் கடைக்காரர்களைக் கோர்ட்டுக்கு அனுப்பியவன், முப்பத்து நான்கு வருடத்தில் பொய்யாகச் சொன்ன முதல் அளவு அது.

ஆகவே தங்கள் கேள்விக்குப் பதில்: மாப்பிள்ளை வர மாட்டார். வேலை போய்விட்டது. மனைவியிடம் சொல்ல முடியாமல் தினம் ஆபீஸ் போகிற மாதிரி நடிக்கிறான் என்று நினைக்கிறேன். வேறு வேலை கிடைக்காமல் கிளம்பினால் இந்த நாட்டு அனுமதியும் போய்விடும், அதனால் இங்கேயே கிடந்து தேடுகிறான் போலிருக்கிறது. பெண்ணைக் கொடுத்தவர் தாங்கள், தங்களிடம் மறைப்பது தர்மமில்லை. ஆனால் பிரசவம் ஆகும்வரை ஹம்சினி காதில் இது விழ வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். கிரணிடமும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். கோபம் வந்தால் என்னிடம் காட்டுங்கள், திங்கள் முதல் போன் எடுக்கிறேன்.

தங்கள் இல்லத்தரசிக்கு என் வணக்கம். ஹம்சினிக்கும் பிறக்கப்போகும் உயிருக்கும் எல்லாக் குலதெய்வங்களும் துணை நிற்கட்டும் என்று வேண்டி முடிக்கும்,

தங்கள்
ஜம்புநாதன்

பி.கு. (ஞாயிறு காலை): உறை மேல் எழுதத் தங்கள் பின்கோடு தெரியாமல் கிரணைக் கேட்டேன். கடிதத்தைக் கவிழ்த்து வைக்க மறந்துவிட்டேன். நின்றபடியே முழுவதையும் படித்தான். பிறகு எதிரில் உட்கார்ந்து, "மாமாவுக்கு நவம்பர் பத்தாம் தேதியே தெரியும்ப்பா. ஹம்சினிக்கு அதுக்கு முந்தின நாளே தெரியும். கிளம்பி வந்துடுன்னு ரெண்டு பேரும் தினம் சொல்றாங்க" என்றான். அப்படியானால் இந்த டை, இந்தச் சைக்கிள், இந்தக் கோயில் சாப்பாடு எல்லாம் யாருக்காக என்று கேட்க வாயைத் திறந்தபோதுதான் வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்பது தெரிந்தது. "ஏண்டா போகலை? உன் குழந்தைடா" என்றேன். "போகணும்னா உங்ககிட்டக் காரணம் சொல்லணுமேப்பா" என்றான். என்னிடம் சொல்வது அத்தனை கஷ்டமா என்றேன். "சின்ன வயசுல கடையில உப்பு வாங்கிட்டு வரச் சொல்லுவீங்க. வந்ததும் நிறுத்துப் பாப்பீங்க. கொறஞ்சிருந்தா கடைக்காரர நீங்க கேட்டதில்ல. என்னைத்தான் கேட்டீங்க." கோபமில்லாமல், மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னான்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் தள்ளுபடி செய்யவும். போன ஞாயிறு தாங்கள் கேட்டது பதிலுக்காக அல்ல, எனக்கு இன்னும் தெரியாதா என்று பார்ப்பதற்காக என்று இப்போது புரிகிறது. மாப்பிள்ளை வருவார். இருபதாம் தேதிக்கு முன்னால் வருவார், நானும் கூட வருகிறேன். இந்தக் கடிதம் வந்து சேரும் முன் நாங்களே வந்து சேர்ந்தாலும் சேருவோம். கிரண் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறான். விமானத்தில் எத்தனை கிலோ விடுவார்கள், பெட்டியை நிறுத்துப் பார்க்கிறீர்களா என்று கேட்டான். வேண்டாம், வேண்டியதை எல்லாம் வை என்றேன். நம்பாமல், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நிற்கிறான்.