பாதிப் பாலமும் நூறாவது பெருமையும்

ஒரு மாநிலத்தில் ஆறு ஓடலாம், மலை நிற்கலாம், மழை பெய்யலாம். ஆனால் அவற்றை நினைத்துப் பெருமைப்பட ஒரு துறை இல்லாவிட்டால் அவையெல்லாம் இருந்தும் வீண் என்று அரசு ஒரு நாள் கண்டுபிடித்தது. அப்படிப் பிறந்ததுதான் மாநிலப் பெருமைத் துறை. ஆற்றங்கரையில் முன்பு விதைக் கிடங்காக இருந்த கட்டடத்தில், ஓர் இயக்குநர், ஒரு தட்டச்சர், ஒரு சரிபார்ப்பு எழுத்தர், பதினொரு நாற்காலிகள் ஆகியவற்றுடன் அது இயங்கத் தொடங்கியது.

சரிபார்ப்பு எழுத்தரின் வேலை எளியது. மாவட்டங்களிலிருந்து வந்து சேரும் பெருமைகளைப் படிக்க வேண்டும். உண்மையாக இருந்தால் ஓரத்தில் பச்சை மையில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உண்மையாக இல்லாவிட்டால் என்ன செய்வதென்று விதிகளில் சொல்லப்படவில்லை. ஆகவே இருபது மாதங்களாக அவர் பச்சை மையை மட்டுமே செலவழித்து வந்தார்.

வந்த பெருமைகளும் சாதாரணமானவை அல்ல. நம் மாநிலத்தின் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தால் ஓடும் குதிரையைப் போல இருக்கும் என்று ஒரு மாவட்டம் எழுதியிருந்தது. நேராகப் பிடித்தால் எதைப் போல இருக்கும் என்று இவர் விளக்கம் கேட்டார். நேராகப் பிடித்தால் நம் மாநிலத்தைப் போலவே இருக்கும் என்று முத்திரையுடன் பதில் வந்தது. நம் கிழக்கு எல்லையில் சூரியன் மேற்கு எல்லையைவிட ஒன்பது நிமிடம் முன்னதாக உதிக்கிறது என்றது இன்னொரு மாவட்டம். இது சூரியனின் பெருமையா நம்முடையதா என்று கோப்பு நான்கு மாதம் சுற்றிவிட்டு, நம்முடையதுதான் என்று தீர்ப்பாகித் திரும்பியது. இவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

மாலை ஐந்தரைக்கு அலுவலகத்தைப் பூட்டியதும் அவர் வீட்டுக்குப் போகமாட்டார். நேராகப் பாலத்துக்குப் போவார்.

அந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இருபத்தாறு வருடங்களுக்கு முன் இந்தக் கரையில் தொடங்கி, ஆற்றின் நடுப்பகுதி வரை கம்பீரமாக வந்து, அங்கே எதையோ மறந்துவிட்டதைப் போல நின்றுவிட்ட பாலம் அது. அதற்கு முன் படகு ஓடிக்கொண்டிருந்தது. பாலம் வரப்போகிறதே, படகு எதற்கு என்று அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அக்கரைக்குப் போக வேண்டுமானால் வடக்கே உள்ள பழைய பாலத்தைச் சுற்றிக்கொண்டு பேருந்தில் மூன்று மணி நேரம் போக வேண்டும்.

எழுத்தரின் மனைவிக்கு அக்கரைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை. கல்யாணப் பேச்சின்போதே மாமனார், "அடுத்த மழைக்குள்ள பாலம் முடிஞ்சிடும் மாப்பிள்ளை, அப்புறம் பத்து நிமிஷம்தான்" என்று சொல்லியிருந்தார். அதன் பிறகு பத்தொன்பது மழை பெய்துவிட்டது. மாமனாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த அம்மாள் இந்தக் கரைக்கு மாறுதல் கேட்டு எழுதிய ஒவ்வொரு மனுவுக்கும், 'பாலப் பணி முடிவுற்றதும் தங்கள் கோரிக்கைக்கு அவசியம் இராது' என்று ஒரே பதில்தான் வந்தது. அதனால் வாரம் முழுக்க அவள் அங்கே, இவர் இங்கே. சனிக்கிழமை மட்டும் இவர் பேருந்து ஏறுவார்.

மற்ற நாள்களில் ஐந்தரைக்கு இவர் பாலத்தின் நுனியில் போய் நிற்பார். அக்கரையில் பள்ளிக்கூடத்துத் தகரக் கூரைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் குடை விரியும். முகம் தெரியாது. குடை தெரியும். போனில் பேசிக்கொள்வார்கள்.

"சாப்பிட்டீங்களா?"

"மத்தியானம் சாப்பிட்டேன்."

"மத்தியானம் சாப்பிட்டதை மத்தியானமே சொல்லிட்டீங்க. இப்ப?"

இப்படித்தான் அவர்கள் குடும்பம் நடந்தது.

நூறு பெருமைகள் கொண்ட புத்தகம் அச்சுக்குப் போக வேண்டிய நாள் வந்தது. இயக்குநர் காலையிலிருந்தே நடந்துகொண்டிருந்தார்.

"என்னய்யா, கட்டு ரெடியா?"

"தொண்ணூத்தொம்பதுதான் இருக்கு சார்."

"நேத்து நூறு இருந்துச்சே?"

"தவளை ரெண்டு தடவை வந்திருக்கு சார். இந்தத் தவளை நம்ம மாநிலத்துல மட்டும்தான் இருக்குன்னு ஒண்ணு. இந்தத் தவளை வேற எங்கயும் இல்லைன்னு இன்னொண்ணு."

இயக்குநர் யோசித்தார். "ரெண்டும் உண்மைதானே?"

"உண்மைதான் சார். தவளை ஒண்ணுதான்."

"நாலு மணிக்குள்ள எனக்கு நூறு வேணும். தொண்ணூத்தொம்பது பெருமை உள்ள மாநிலத்தை எவன் மதிப்பான்?"

மூன்றே முக்கால் வரை எழுத்தர் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சன்னலைப் பார்த்தார். சன்னலில் பாலம் தெரிந்தது. அவருக்குள் பத்தொன்பது வருடமாகக் கிடந்த ஏதோ ஒன்று அன்றைக்குப் புரண்டு படுத்தது. 'பாதியில் நின்றபடியே மிக அதிக ஆண்டுகள் உறுதியாக நிற்கும் பாலம் நம் மாநிலத்தில்தான் உள்ளது' என்று எழுதினார். மேலே இருப்பவர் எவராவது படித்துவிட்டுக் கூசிப்போகட்டும், கூசிப்போய்ப் பாலத்தைக் கட்டி முடிக்கட்டும் என்பது அவருடைய எண்ணம். இருபது மாதம் அந்தத் துறையில் வேலை பார்த்த மனிதர் அப்படி நினைத்தது பெரிய பிழை.

இயக்குநர் படித்தார். "'உறுதியாக'ங்கிற வார்த்தை ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

புத்தகம் வெளிவந்தது. குதிரை வரைபடத்தை மக்கள் ஒரு முறை தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். நூறாவது பெருமையை விடவில்லை. வினாடி வினாக்களில் கேட்டார்கள். சட்டைகளில் அச்சடித்தார்கள். சட்டையில் முழுப் பாலம் கொள்ளாதென்ற கவலை யாருக்கும் இல்லை. பேருந்து பேருந்தாக வந்து இறங்கி, பாலத்தின் நுனியில் ஒரு காலை அந்தரத்தில் தூக்கியபடி படம் எடுத்துக்கொண்டார்கள். எழுத்தர் ஐந்தரைக்கு அங்கே போனால் நிற்க இடமில்லை. மூன்று குடும்பங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துத்தான் குடையைப் பார்க்க வேண்டியிருந்தது.

இந்த நேரம் பார்த்துப் பாலப் பொறியாளர் கையில் ஓர் ஆணையுடன் பெருமைத் துறைக்குள் நுழைந்தார். நல்ல மனிதர். தலையில் மஞ்சள் தொப்பியை மறந்துபோய் வைத்தபடியே வந்திருந்தார்.

"சார், மீதிப் பாலத்துக்கு உத்தரவு வந்தாச்சு. எட்டு மாசத்துல முடிச்சிடுவேன்."

எழுத்தரின் கையிலிருந்த பேனா நின்றது.

"அதுதான் பிரச்சினை" என்றார் இயக்குநர்.

"என்ன சார் பிரச்சினை?"

"நீங்க முடிச்சிடுவீங்க. அப்புறம் அது பாதியில நிக்காதே."

"பாலம்னா முடியணும்தானே சார்?"

"எல்லா ஊர்லயும் முடிஞ்ச பாலம் இருக்கு. அதுல நமக்கு என்ன பெருமை? விதி பதினாலைப் படிங்க. பட்டியல்ல ஏறின எந்தப் பெருமையையும் எங்க அனுமதி இல்லாம யாரும் மாத்தவோ, குறைக்கவோ, பூர்த்தி செய்யவோ கூடாது."

"ஜனங்க சுத்திக்கிட்டுப் போறாங்களே சார்."

"பெருமையோட சுத்தறாங்க."

பொறியாளர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் மேசையைப் பார்த்தார். மறுப்புக் கடிதத்தை எழுதும் வேலை அவருக்கே வந்தது. மூலையிலிருந்த தட்டச்சு அக்கா, தட்டுவதை நிறுத்தாமலே, "உன் சமையலை நீயே சாப்பிடு தம்பி" என்றாள்.

அன்று மாலை அவர் விஷயத்தை மனைவியிடம் சொன்னார்.

"ஏங்க, அந்த நூறாவதை எழுதினது யாரு?"

"இங்க காத்து அடிக்குது, சரியாக் கேக்கல."

"காத்து இங்கயும்தான் அடிக்குது. யாரு எழுதினா?"

"நான்தான்."

அக்கரையில் சிவப்புக் குடை மடங்கியது. மறுநாள் விரியவில்லை. அதற்கு மறுநாளும் விரியவில்லை. நாலாம் நாள் போன் மட்டும் வந்தது.

"எனக்கு நாப்பத்தாறு வயசாகுது. பாலம் முடிஞ்சா தினமும் வீட்டுக்கு வந்து, உங்களோட உக்காந்து சாப்பிட்டு, சண்டை போட்டுட்டுப் படுக்கலாம்னு இருந்தேன். வேற ஒண்ணும் கேக்கல."

"நான் என்ன பண்ணட்டும் சொல்லு."

"நீங்க சரிபார்க்கிறவர்தானே. ஒரு தடவையாவது சரிபாருங்க."

அந்தச் சொல் அவரை உலுக்கிவிட்டது. மறுநாளே அவர் பதினொரு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதினார்: 'தங்களிடம் பாதியில் நிற்கும் பாலம் உண்டா? உண்டெனில் எத்தனை ஆண்டுகளாக?' பத்து மாநிலங்கள் இதைக் கேலியென்று எடுத்துக்கொண்டு பதில் போடவில்லை. பக்கத்து மாநிலம் மட்டும் நேர்மையாக எழுதியது. அவர்களிடம் ஒன்று உண்டு. இருபத்தொன்பது ஆண்டுகள். வெட்கமாக இருக்கிறது, வேலை தொடங்கிவிட்டோம், கூடிய விரைவில் முடித்துவிடுவோம்.

எழுத்தர் அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தார். நம்முடையது இருபத்தாறு. அவர்களுடையது இருபத்தொன்பது. நூறாவது பெருமை பொய். பொய்யானால் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். நீக்கினால் விதி பதினான்கு இல்லை. விதி இல்லையென்றால் பாலம்.

"அக்கா, சிவப்பு மை இருக்கா?"

"இந்த ஆபீஸ்ல ஏதுடா சிவப்பு மை" என்று சொல்லிக்கொண்டே அவள் தன் கைப்பையைத் துழாவி ஒரு பேனாவை எடுத்துக் கொடுத்தாள். துறையின் வரலாற்றில் முதல் முறையாக அவர், 'இது உண்மையன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து அழகாகவே விழுந்தது.

கோப்பைப் படித்த இயக்குநர் தண்ணீர் கேட்டார்.

"அப்போ நாம ரெண்டாவதா?"

"ஆமா சார். பட்டியல்லேர்ந்து எடுத்துடலாம். பொறியாளருக்கு அனுமதியும் கொடுத்துடலாம்."

இயக்குநர் சன்னலருகே போய்ப் பாலத்தை நெடுநேரம் பார்த்தார். திரும்பியபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"யோசிச்சுப் பாருய்யா. இப்ப முடிச்சோம்னா, பாதியில நின்னதுலயும் ரெண்டாவது, முடிஞ்சதுலயும் எத்தனையாவதோ. எதுலயுமே முதல் இல்லாம போயிடுவோம். ஆனா அவங்க என்ன எழுதியிருக்காங்க?"

"கூடிய விரைவில் முடிச்சிடுவோம்னு."

"முடிக்கட்டுமே. முடிச்ச அன்னைக்கு முதலிடம் யாருக்கு?"

எழுத்தர் கோப்பிலிருந்த தன் சிவப்புக் கையெழுத்தைப் பார்த்தார்.

"அதுவரைக்கும் நம்ம பாலத்துல ஒரு செங்கல் ஏறக் கூடாது. அவசரம்னு போட்டு அனுப்பு."

செய்தி வெளியே கசிந்ததும் ஊர் கொதித்தது. பாலம் முடியவில்லையே என்றல்ல. பக்கத்து மாநிலம் நம்மை முந்திவிட்டதே என்று. பாலத்து நுனியில் கூட்டம் போட்டார்கள். வாரத்துக்கு இரண்டு முறை சுற்றிப் போகிற பால்காரர்தான் முதலில் பேசினார். "இருபத்தாறு வருஷம் தாங்கிட்டோம். இன்னும் ரெண்டு வருஷம் தாங்க மாட்டோமா?" கைதட்டல் அக்கரை வரைக்கும் கேட்டது. மஞ்சள் தொப்பிக்காரர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். எழுத்தர் மறுபடி பச்சை மைக்குத் திரும்பினார். ஆண்டுக்கு ஒரு முறை பாலத்தை நேரில் சென்று பார்த்து, அது இன்னும் முடியவில்லை என்று சான்று கொடுப்பது அவருடைய கூடுதல் பொறுப்பாயிற்று.

குடை மறுபடி விரிந்தது. கோபம் தீர்ந்தல்ல, எத்தனை நாள்தான் பார்க்காமல் இருப்பது என்றுதான்.

இரண்டு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை. எழுத்தர் சுற்றுவழிப் பேருந்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மடியில் கூடை வைத்திருந்த ஒருவர் பேச்சுக் கொடுத்தார். பக்கத்து மாநிலத்துக்காரர்.

"எங்க ஊர்லயும் இப்படித்தாங்க ஒரு பாலம் பாதியில நின்னுச்சு. எங்க அக்கா வீடு அந்தக் கரையில. போன மாசம் முடிச்சிட்டாங்க. இப்ப நாலு நிமிஷம். அக்கா தினமும் குழம்பு கொடுத்து அனுப்புது."

"முடிச்சிட்டாங்களா?"

"முடிச்சிட்டாங்க."

"முழுசா?"

"முழுசாத்தாங்க. லைட்டெல்லாம் போட்டாச்சு."

எழுத்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்தொன்பதோடு இரண்டைக் கூட்டி இருபத்தொரு வருடம் இந்த இருக்கைகளில் தேய்ந்த முதுகு அது. அந்த முதுகு நேரானது.

"அப்போ உங்களுது போயிடுச்சு" என்றார்.

"எதுங்க?"

"இனிமே நாங்கதான் முதல்" என்றார் எழுத்தர். சொன்ன பிறகுதான் சொன்னது தன் வாய் என்று அவருக்குத் தெரிந்தது. கூடைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சன்னல் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

அக்கரை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டார்.

"நாம முதலிடம் வந்துட்டோம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சந்தோஷம். இனிமே முதலிடத்துலேர்ந்து வாரம் ஒரு தடவை வந்து போங்க" என்றாள். பிறகு ஒரு தாளை உருவி அவர் பக்கம் தள்ளினாள். "இதைப் படிங்க. நாலாவது கேள்வி."

பாலம் என்றால் என்ன என்பது கேள்வி. கீழே உருண்டையான எழுத்தில் பதில் இருந்தது: ஆற்றின் நடுவில் நின்றுகொண்டு அக்கரையில் இருப்பவர்களைப் பார்ப்பதற்காகக் கட்டப்படுவது பாலம் எனப்படும்.

"மார்க் போட்டியா?"

"முழு மார்க். தப்புன்னு எப்படிப் போடுறது? அந்தப் பிள்ளை பொறந்ததுலேர்ந்து நம்ம ரெண்டு பேரைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கு."

எழுத்தர் தாளை இன்னொரு முறை படித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பழக்கதோஷம், கை தானாகவே ஓரத்துக்குப் போனது. பச்சை மையில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டார்.