போர்ச்சுகலில் நின்றுபோன மாங்காய்

நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சே வராது. (இப்போதும் பஸ்ஸில் நம் நிறுத்தம் தாண்டிய பிறகுதான் "நிப்பாட்டுங்க" என்பேன்.) அதனால்தான் எஸ்தர் டீச்சர் என்னைப் போர்ச்சுகல் ஆக்கினார். போர்ச்சுகலுக்கு ஒரே ஒரு சொல்தான் வசனம்.

வெள்ளைக்காரர் ஆண்ட காலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஐந்தாம் வகுப்பு கொடுக்கலாமா என்று பார்க்க இன்ஸ்பெக்டர் துரைசானி வருகிறார் என்றார்கள். கொடுக்காவிட்டால் என்னை வன்னியம்பட்டிப் புஞ்சைக்குப் பருத்தி எடுக்க அனுப்ப அப்பா தயாராக இருந்தார்.

துரைசானிக்குக் காட்ட டீச்சர் ஒரு நாடகம் கட்டினார். இங்கிலீஷில் மேங்கோ என்பது நம் மாங்காய்தானாம். மலையாளக் கரையில் 'மாங்ங' ஆகி, மிளகு வாங்க வந்த போர்ச்சுக்கீசியர் வாயில் 'மங்கா' ஆகி, கடைசியில் இங்கிலீஷ்காரரிடம் 'மேங்கோ' ஆனதாம். நாலு பெண்கள் ஆளுக்கொரு தேசமாக நின்று, ஒரு மாங்காயைக் கைமாற்றியபடி அவரவர் சொல்லைச் சொல்ல வேண்டும்.

துரைசானி வந்து உட்கார, நாடகம் தொடங்கியது. தமிழ்நாடாக நின்ற சொர்ணம், நாடகம் முடிந்ததும் தின்னலாம் என்று மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் அடைத்துவைத்திருந்தாள். மலையாளம் அதைக் கவனிக்காமல் வாங்கி என் கையில் வைத்தது. உள்ளங்கையெல்லாம் சிவப்பு!

உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும். இங்கிலாந்தாக நின்ற ராஜாத்தியோடு நான் முந்தின நாள்தான் காய் விட்டுப் பழமாகியிருந்தேன். "மங்கா" என்று முனகிவிட்டு மாங்காயை அவள் காலடியில் வைத்தேன்.

"கையில குடுட்டி!" என்றாள் இங்கிலாந்து.

"உப்பு இருக்குட்டி. நீயே எடுத்துக்கோ."

"கீழ வச்சத நான் எதுக்கு எடுக்கணும்?"

"எடுட்டி, பொறவு சண்டை வந்துரும்!"

(வந்துவிட்டது. அவள் என் சடையைப் பிடித்தாள்.)

"ஏட்டி, யாராச்சும் எடுங்களேன்!" டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பு போயே போச்சு என்று நானும் அழத் தொடங்கினேன்.

துரைசானி எழுந்து வந்தார். குனிந்து மாங்காயை எடுத்தார். ஒரு கடி. கண்ணில் தண்ணீர் கொட்ட, மூக்கெல்லாம் சிவக்க, "மேங்கோ!" என்றார். இங்கிலாந்தின் வசனத்தை இங்கிலாந்தே சொல்லிவிட்டது.

உப்பு விஷயத்தை டீச்சர் விளக்கியதும் துரைசானி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ஐந்தாம் வகுப்பு வந்தது. என் படிப்பு அம்புட்டுதான். அதை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். டீச்சரையும் துரைசானியையும் நினைக்காமல் நான் பேனாவைத் திறந்ததில்லை.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் இன்றும் உப்பைக் கையில் தருவதில்லை. மருமகள் கிண்ணத்தை என் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொல்வாள்:

"போர்ச்சுகல் வச்சாச்சு. இங்கிலாந்து எடுத்துக்கிடலாம்."

நான் குனிந்து எடுத்துக்கொள்வேன்.