குழம்பு குடித்த ரேடியோ

மீன் குழம்பு மொத்தமும் ரேடியோவுக்குள் போய்விட்டது. தூக்குச் சட்டியில் மிஞ்சியது ஒரு சங்கரா மீன் தலையும் இரண்டு மாங்காய்த் துண்டும்தான். லியோனார்ட் சட்டியைப் பார்த்தான், ரேடியோவைப் பார்த்தான், பிறகு சுவரில் மாட்டியிருந்த அந்தோணியார் படத்தைப் பார்த்தான். அந்தோணியார் இதில் தலையிடுவதாகத் தெரியவில்லை.

செய்தது தப்புதான். ஆனால் அந்தப் பெரிய பெட்டிக்குள் இருந்த, வால்வு என்கிற கண்ணாடிக் குமிழ்கள் எரிகிறபோது எழும் சூட்டை அனுபவித்தவர்கள் அவனைக் குறை சொல்ல மாட்டார்கள். கடல் காற்று வீசுகிற ராயபுரத்தில் சாயங்காலம் வைத்த குழம்பு ஆறாமல் இருக்க வேறு வழி என்ன? இத்தனை நாளும் பெட்டியின் மேல் வைத்தான். இன்றைக்கு ஆசை மிஞ்சி, மூடியைத் திறந்து உள்ளேயே வைத்துவிட்டான். சட்டி சாய்ந்துவிட்டது.

வேட்டித் தலைப்பால் அவசர அவசரமாகத் துடைத்துவிட்டு விசையைத் திருகினான். குமிழ்கள் எல்லாம் அழகாக எரிந்தன. சத்தம்தான் வரவில்லை.

வெளியே பார்க்கில் ஜனங்கள் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

பட்டணத்துப் பெரிய மனிதர்கள் சிலர் கூடி 'ஜனோபகார ரேடியோ சபை' என்று ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். வீட்டில் ரேடியோ வைத்துக்கொள்ள வசதியில்லாத ஜனங்களுக்கும் வீணையும் சுகாதாரப் பிரசங்கமும் போய்ச் சேர வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். சபையின் பங்களாவிலிருந்து ஒலிபரப்பு. பார்க்குக்கு ஒரு ரேடியோ. ரேடியோவுக்கு ஒரு சின்ன அறை. அறையின் கூரைமேல் பெரிய பித்தளைக் குழாய். ராயபுரத்துக் குழாய்க்குக் காவல் லியோனார்ட். துறைமுகத்தில் கரிக்கூடை சுமந்து முதுகு ஒடிந்தவனுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தது அவன் வம்சத்திலேயே முதல் தடவை. பெட்டிக்குச் சேதம் வந்தால் வேலை போய்விடும் என்று சபைக் காரியதரிசி பரசுராமன் முதல் நாளே கண்டித்துச் சொல்லியிருந்தார். வேலை போனால் மறுபடியும் கரிக்கூடை.

"இன்னா நைனா, ஆரம்பிக்கலியா?" வெளியிலிருந்து கெங்கம்மாவின் குரல் வந்தது. காசிமேட்டில் மீன் விற்றுவிட்டுக் கூடையோடு நேரே பார்க்குக்கு வருகிறவள். அவளுக்குக் கேட்காவிட்டால் பாதி ராயபுரத்துக்குக் கேட்காத மாதிரி.

"தோ ஆச்சுக்கா! காத்து கொஞ்சம் சரியில்ல!"

பித்தளைக் குழாயின் குறுகிய முனை கூரை வழியாக அறைக்குள் இறங்கி ரேடியோவோடு சேர்ந்திருந்தது. லியோனார்ட் அதைக் கழற்றி வாயில் வைத்து, "கர்ர்ர்... புர்ர்ர்..." என்று இரைச்சல் கொடுத்துப் பார்த்தான். வெளியே ஜனங்கள் பொறுமையாகக் கேட்டார்கள். ஆனால் இரைச்சலை எத்தனை நேரம் கொடுப்பது? மூச்சு முட்டியது. பின்கதவு வழியாக வீட்டுக்கு ஓடினான். வீடு பார்க்கின் மதிலுக்கு அடுத்த சந்து.

"பிலோமி! நீ வந்து பாடலன்னா நான் நாளைக்குக் கரி தூக்கணும்!"

மாவு பிசைந்துகொண்டிருந்த அவன் மனைவி பிலோமி விஷயத்தைக் கேட்டாள். குழம்பு கொட்டியதற்கு ஒரு முறை, அது தன் குழம்பு என்பதற்கு ஒரு முறை, இரண்டு தடவை திட்டினாள். பிறகு மாவுக் கையோடு வந்து குழாய் முனையில் வாயை வைத்துப் பாடினாள். கோயில் பாட்டுக் கூட்டத்தில் சின்ன வயசிலிருந்து பாடுகிற தொண்டை. மாதாவைப் பற்றிய பாட்டு பித்தளைக் குழாய் வழியாக ஏறி, பார்க்கைத் தாண்டி, கடற்கரை வரை போனது.

"அம்மாடி! இன்னிக்கித்தான்டா ரேடியோ ரேடியோ மாதிரி கீது!" என்றாள் கெங்கம்மா.

லியோனார்டுக்கு உயிர் திரும்பி வந்தது. நாளைக்குள் பெட்டி காய்ந்துவிடும் என்று நம்பினான். மறுநாளும் குமிழ்கள் எரிந்தன, சத்தம் வரவில்லை. பிலோமியே வந்தாள்.

ஆனால் அவளுக்குத் தெரிந்த பாட்டு எல்லாம் முதல் நாளே தீர்ந்துபோயிருந்தது. பாடியதையே பாடிவிட்டு, குழாயை விட்டு வாயை எடுக்க மனசில்லாமல், காலையில் கேள்விப்பட்டதைச் சொல்லிவைத்தாள்.

"பனமரத்தொட்டி பக்கம் தண்ணிக் குழாயில நாளைக்கி மத்தியானத்துக்கு மேல தண்ணி வராதாம். காலைலயே புடிச்சி வெச்சிக்கங்க. எண்ணூர் எறா காசிமேட்டுல இன்னிக்கி மலிவு."

லியோனார்ட் குழாய் முனையைக் கையால் பொத்தினான். "ஏ புள்ள! ரேடியோல இதெல்லாம் சொல்லக் கூடாது! சபைல கேட்டா கொன்னுடுவாங்க!"

"வேற இன்னாத்த சொல்றது? எனக்கு வீணையா வாசிக்க வருது?"

மறுநாள் தண்ணீர் அவள் சொன்னபடியே நின்றது. முன்கூட்டியே பிடித்து வைத்திருந்தவர்கள் ரேடியோவைக் கும்பிட்டார்கள். அன்று சாயங்காலம் பார்க்கில் நிற்க இடமில்லை. வண்ணாரப்பேட்டை ஆட்கள் வந்திருந்தார்கள். ஜார்ஜ் டவுனிலிருந்து டிராம் ஏறிக்கூட வந்திருந்தார்கள். நாளைக்கு எந்தக் கப்பலுக்குக் கூலி ஆள் வேண்டும், கடல் எப்படி இருக்கும், எந்தக் கடைத் தராசு ஏமாற்றுத் தராசு என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

கூட்டம் கூடக் கூட லியோனார்ட் கதவிடுக்கு வழியாகத் தலைகளை எண்ணிப் பார்த்தான். இத்தனை பேர் வந்தால் விஷயம் சபைக்கு எட்டாமல் இருக்குமா? கூட்டத்தைக் கலைக்க ஒரு வழி யோசித்தான். சபை வழக்கமாக ஒலிபரப்புகிற கொசுப் பிரசங்கத்தைப் போட்டால் ஜனம் தானாக எழுந்து போய்விடும். இதுவரை தவறியதே இல்லை.

"பாட்டு வாணாம், சேதி வாணாம். கொசுவைப் பத்தி மட்டும் பேசு," என்று கெஞ்சினான்.

பிலோமி பேசினாள்.

"கொசு எங்க முட்டை போடும் தெரியுமா? வூட்டுப் பின்னால ஒடஞ்ச சட்டியில தண்ணி நிக்குது பாரு, அங்கதான். யார் யார் வூட்டுல அப்படிச் சட்டி கீதுன்னு எனக்குத் தெரியும். இன்னிக்கி பேரு சொல்ல மாட்டேன். நாளைக்கிச் சொல்லுவேன்."

பொழுது விடிந்ததும் ராயபுரத்தில் ஒரு சட்டிகூட நிமிர்ந்து நிற்கவில்லை. சாயங்காலம் யார் பேர் வரும் என்று கேட்கக் கூட்டம் இரட்டிப்பாகிவிட்டது. மதில் மேல் ஆள், மரத்தின் மேல் ஆள்.

அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு சபையின் பியூன் மஜீது சைக்கிளில் வந்தான். இறங்கக்கூட இல்லை.

"மாமு! நாளைக்கி காரியதரிசி தொரை நேர்ல வராரு! உன் பார்க்கு ரேடியோவைப் பத்தித்தான் பட்டணம் பூரா பேச்சு! எப்டிய்யா பாட வெக்கிற?" என்று கத்திவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டான்.

"தெரிஞ்சி போச்சு பிலோமி, எல்லாம் தெரிஞ்சி போச்சு," என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தான் லியோனார்ட். அவனுக்கு உண்மையாகவே அழுகை வந்தது. பிலோமி பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். கரிக்கூடையின் தழும்பு சட்டைக்கு மேலேயே கைக்குத் தட்டுப்பட்டது. நாளைக்கு ஒரு நாள் சபை ரேடியோ மாதிரியே பேசிக் காட்டுகிறேன் என்று சத்தியம் செய்து கொடுத்தாள்.

மறுநாள் பரசுராமன் ஜரிகைத் தலைப்பாகையும் கைத்தடியுமாக வந்து கூட்டத்தின் நடுவே நின்றார். பின்னால் மஜீது. லியோனார்ட் நாற்காலி போட்டான், அவர் உட்காரவில்லை. குழாயையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

குழாய் கனைத்துக்கொண்டது.

"மகாஜனங்களே! இது ஜனோபகார ரேடியோ. இன்று பழங்களின் பயன் பற்றிக் கேட்பீர்களாக. வாழைப்பழத்தில் சத்து உள்ளது. கொய்யாப்பழத்திலும் சத்து உள்ளது."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"மாதுளம்பழத்திலும்..."

"த! பழம் கெடக்குது, தூக்கி அப்பால போடு!" கெங்கம்மா கூடையைத் தரையில் அறைந்தாள். "நாளைக்கி கட்டுமரம் எறக்கலாமா வாணாமா, அத்தச் சொல்லு!"

"சட்டி வெச்சிக்கினு கீறவன் பேரைச் சொல்லு!" என்றது மரத்தின் மேலிருந்து ஒரு குரல்.

"பலாப்பழத்திலும் சத்து..." குழாய் தடுமாறியது. கூச்சல் ஏறியது. பிறகு குழாய் வெடித்தது.

"கெங்கம்மாக்கா! கொஞ்சம் வாயை மூடிக்கினு கீறியா? பெரிய மன்சன் வந்துகிறாரு, கண்ணு தெரியல? அவரு போவட்டும், எல்லாத்தையும் சொல்றேன்!"

பார்க்கு முழுவதும் திரும்பிக் காரியதரிசியைப் பார்த்தது. கெங்கம்மா மட்டும் பெருமையோடு அக்கம்பக்கம் பார்த்தாள். "பாத்தியா? ரேடியோக்கே என் பேரு தெரியுது!"

பரசுராமன் கைத்தடியால் ஜனத்தை விலக்கிக்கொண்டு அறைக்குள் நுழைந்தார். குழாய் முனையைக் கையில் பிடித்தபடி பிலோமி நின்றாள். தலையில் முக்காடு இழுத்துவிட்டுக்கொண்டாளே தவிர முனையை விடவில்லை. லியோனார்ட் தடாலென்று அவர் காலில் விழுந்தான்.

"ஐயா! என் மேலதான் தப்பு! பெட்டிக்குள்ள மீன் கொழம்பைக் கொட்டிட்டேன் ஐயா! அன்னிலேர்ந்து அது வாயே தொறக்கல. வேலை போயிடும்னு இவளைப் பாட வெச்சேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. என்னை வேணா தள்ளிடுங்க, அவளைப் போலீசுல குடுத்துடாதீங்க!"

பரசுராமன் பிலோமியைப் பார்த்தார். பெட்டிக்குள் சமத்தாக எரிந்துகொண்டிருந்த குமிழ்களைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் தோள்கள் குலுங்கின. கோபமா, அழுகையா என்று லியோனார்டுக்குப் புரியவில்லை. சிரிப்பு என்பது அவன் நினைப்பிலேயே இல்லை. அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு மஜீதைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

மஜீது குனிந்து லியோனார்டைத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான்.

"எந்திரி மாமு, உன் பொட்டிக்கு ஒண்ணும் ஆவல. நம்ம பங்களா ஒலிபரப்பு மிஷினு புட்டுக்கினு இன்னியோட அஞ்சு நாளாச்சு. இன்னிக்கி மெட்ராஸ் பூரா பேசிக்கினு கீற ரேடியோ உன் பொஞ்சாதி ஒருத்திதான்!"