மரவள்ளிக்குள் விழுந்த பந்து

குடாநாட்டில் ரெனிஸ் ரீச்சரிடம் “நேரமில்லை” என்று சொல்லித் தப்பிய ஆள் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு, ஒற்றைச் சைக்கிளில் வாழைக்குலை கட்டத் தொடங்கி, இன்று மூன்று லொறி ஓடவிடும் நானே தப்பவில்லை என்றால் பாருங்கள்.

நீர்வேலியில் என் வாழைத்தோட்டத்துக்குப் பக்கத்து வளவு அவருடையது. எழுபது தாண்டியும் வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சப்பாத்து. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினால் ஆட்டம் ஆரம்பம். அந்த வளவுக்குள்ளேயே செம்மண்ணை உருளை போட்டு இறுக்கி, குறுக்கே வலை கட்டி, ரெனிஸ் பந்தாட்டத்துக்கென்று தானே ஒரு திடல் அமைத்திருந்தார். செத்த வீட்டுக்குப் போனாலும் கையில் ஒரு பூக்கன்று இருக்கும். திரும்புவதற்குள் அதை அந்த வீட்டுக் கிணற்றடியில் நட்டுவிடுவார். அழுதுகொண்டிருந்த சனமே எழும்பி வாளி எடுத்துக் கொடுக்கும்.

சாமான்கள் விலையேறிய நாட்களில், அவர் சம்பளமில்லாமல் சமைக்கப் போகும் முதியோர் இல்லத்தில் கறிக்கு வழியில்லாமல் போயிற்று. மறுநாள் காலை வேலியால் எட்டிப் பார்க்கிறேன், மனிசி திடலை மண்வெட்டியால் கொத்துகிறார்!

“ரீச்சர், உங்களுக்கென்ன விசரே?”

“ஓம் தம்பி. விசரில்லாத ஆள் நீங்கள், வந்து கொத்துங்கோவன்.”

அறுபது கடந்த நான் தம்பி!

“முழுக்கவோ கொத்தப்போறியள்?”

“பாதி. மற்றப் பாதியும் போனால் நான் செத்துப்போவன்.”

சிரிக்காமல்தான் சொன்னார்.

நீளவாக்கில் ஒரு பாதியில் மரவள்ளியும் கீரையும் வந்தன. அந்தப் பக்க வலையில் பயற்றங்காய்க் கொடி ஏறியது. மறுபாதியில் எதிர்நின்று ஆட ஆள் வேண்டுமே? பந்தடிக்கும் றக்கெற் மட்டையை என் கையில் திணித்தார்.

“எனக்குக் குலை தூக்கத்தான் தெரியும், ரீச்சர்.”

“குலையைவிட இது பாரமில்லை. பிடியுங்கோ.”

சட்டம் ஒன்றுதான். மரவள்ளிக்குள் பந்தை அடித்தவர் அந்த வரிசைக்குத் தண்ணீர் விடவேண்டும். என் அடியின் வேகத்துக்குப் பாதித் திடல் எங்கே காணும்?

“அவுட்! வாளியைத் தூக்குங்கோ!”

பின்னேரந்தோறும் தோட்டம் முழுவதற்கும் நானே தண்ணீர் விட்டேன். “முதலாளியின்ரை விளையாட்டாலைதான் கிழங்கு கொழுத்திருக்கு” என்று கோயில் வாசலிலும் சந்தையிலும் சொல்லித் திரிந்தார். சொல்லட்டுமே! தோற்றுத் தோற்றே ஒரு இல்லத்துக்குக் கறி கொடுத்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

போன மாரியில் ரீச்சர் நித்திரையிலேயே போய்விட்டார். இல்லத்துக்குக் கிழங்கு இப்போது என் லொறியில் போகிறது.

பின்னேரங்களில் நான் தனியே நின்று பந்தடிக்கிறேன். கை நன்றாகப் பழகிவிட்டது, ஒரு பந்தும் கோடு தாண்டுவதில்லை. கடைசிப் பந்தை மட்டும் வேண்டுமென்றே மரவள்ளிக்குள் அடித்துவிட்டு, “அவுட்” என்று நானே சொல்லிக்கொண்டு வாளியைத் தூக்குகிறேன்.