சுழியோடி அண்ணை மெக்சிக்கோவில் முழுகிய கதை

பாரிஸில் தண்ணீர் நிற்கிற எந்த இடத்தை எடுத்துக்கொண்டாலும், அங்கிருந்து சுழியோடி அண்ணையை ஒரு தடவையாவது யாராவது வெளியே இழுத்துப் போட்டிருப்பார்கள். கால்வாய், பூங்காக் குளம், நகரசபை நீச்சல் தடாகம் எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. மழை பெய்தால் தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பலில் மெத்ரோ ரயில் பாலத்தின் கீழே தேங்கும் தண்ணீரைக்கூட ஒருவித ஆசையோடு பார்த்துக்கொண்டு நிற்பார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ரூ பெர்தொனே என்ற தெருவுக்குப் பக்கத்தில் ஓர் அறையில் நாங்கள் சிலர் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். அவரும் நானும் ஒரே உணவகத்தில் வேலை. நான் சமையல் உதவி. அவர் பாத்திரம் கழுவுபவர். முதல் சம்பளச் சீட்டு வந்தபோது அதில் அவருடைய தொழில் 'பிளோன்ஜேர்' என்று போட்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். நான் அகராதியைப் பார்த்துச் சொன்னேன். பாத்திரம் கழுவுபவன் என்றும் அர்த்தம் வரும், தண்ணீருக்குள் மூழ்கிச் சுழியோடுகிறவன் என்றும் வரும். பிரெஞ்சில் இரண்டுக்கும் ஒரே சொல்.

அவர் முதல் அர்த்தத்தைக் காதில் வாங்கவே இல்லை.

"தம்பி, ஊரிலை ஒருத்தரும் சொல்லேல்லை. வெள்ளைக்காரன் பாத்த உடனை கண்டுபிடிச்சிட்டான் பாத்தீரே!"

அன்றிலிருந்து அவர் சுழியோடி அண்ணை. உண்மையில் அவருக்குச் சுழியோடத் தெரியாது. தோட்டக் கிணற்றுக்குள் குதித்து, நாலு கை அடித்து, கயிற்றைப் பிடித்து மேலே ஏறத் தெரியும். ஆனால் தொழில் என்று எழுதிக் கொடுத்தபின் ஒரு மனிதன் சும்மா இருக்க முடியுமா?

நீச்சல் தடாகத்துக்கு முதல் தடவை இடுப்பில் கட்டிய சாரத்தோடு போனார். வாசலிலேயே மறித்தார்கள். உடம்போடு ஒட்டிய சின்னக் காற்சட்டை வேண்டும், தலைக்குத் தொப்பியும் வேண்டும் என்று காவலர் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன்.

"மரியாதையா மூடிக்கொண்டு வந்தவனைத் துரத்திப்போட்டு, உரிஞ்சுகொண்டு வா எண்டுறான். இது என்ன நாடு தம்பி?"

அடுத்த வாரம் சந்தையில் வாங்கிய தொப்பியோடு போனார். அது பெண்கள் போடும் தொப்பி. சுற்றிவர ரப்பர்ப் பூக்கள் இருந்தன. பூவுக்குத் தடை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை என்பதால் காவலர் பெருமூச்சு விட்டு உள்ளே விட்டார். அண்ணை முழங்கால் இரண்டையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, எங்கள் ஊர்க் கிணற்றுக் குதி ஒன்று குதித்தார். கரையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த ஒரு கிழவி, பத்திரிகையோடு சேர்ந்து நனைந்துபோனாள். அந்தத் தடாகத்தின் கதை அதோடு முடிந்தது.

பிறகு கால்வாயில் ஒரு பெண்ணின் வைக்கோல் தொப்பி காற்றில் பறந்து விழுந்தது. யாரும் கேட்காமலே அண்ணை குதித்துவிட்டார். பொலிஸ்காரர் கொழுவித் தடியால் இழுத்தெடுத்து, என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். "பிளோன்ஜேர்" என்றார் அண்ணை, தண்ணீர் சொட்டச் சொட்ட. பொலிஸ்காரர் தன்னைக் கேலி செய்கிறான் என்று நினைத்துக் கோபப்பட்டார். நான் ஓடிப்போய் விளங்கப்படுத்தியபின் அவர் சிரித்த சிரிப்பு மறுகரைக்குக் கேட்டது. அதற்குள் தொப்பிக்காரி போய்விட்டாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அண்ணை பெண்கள் போடும் வைக்கோல் தொப்பியோடுதான் வேலைக்கு வந்தார்.

எங்கள் உணவகத்தின் முதலாளி ஒரு பெண். மதாம் என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சுக் கணவர் இறந்தபின் தனியாகக் கடையை நடத்தினார். பிறந்தது மெக்சிக்கோவில், யுக்கத்தான் பகுதியில் ஒரு கிராமம். தாய்வழியில் மாயா இனத்தவர். எங்களோடு பிரெஞ்சில் பேசுவார், அடிப்பிடித்த சட்டியோடு மட்டும் மாயா மொழியில் பேசுவார்.

ஒரு நாள் அண்ணை என்னிடம் வழக்கம்போல் நிலாவரைக் கிணற்றின் பெருமையை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வீடு இலங்கையில் புத்தூர் என்ற ஊரில், அந்தக் கிணற்றுக்குக் கிட்ட. மதாம் எட்டிப் பார்த்தார்.

"என்ன சொல்கிறான்?"

"அவர்கள் ஊரில் அடி காணமுடியாத கிணறு ஒன்று இருக்கிறதாம், மதாம்."

"எங்கள் ஊரிலும் இருக்கிறதே. செனோத்தே என்போம். நிலத்துக்குக் கீழே குகை, குகைக்குள் தண்ணீர். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு."

நான் இதைத் தமிழில் சொன்னதும் அண்ணையின் கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் நழுவியது.

"மேலை நல்ல தண்ணி, கீழை உப்போ? தம்பி, உது எங்கட கிணறு! அவவுக்கு ஆர் சொன்னது?"

இரண்டும் சுண்ணாம்புக்கல் பூமி, அதனால் அப்படி என்று நான் சொன்னதை இருவருமே கேட்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் சமையலறையில் கிணற்றுச் சண்டை ஆரம்பித்தது.

"நிலாவரையிலை தேசிக்காய் போட்டா, நிலத்துக்குக் கீழாலை போய்க் கீரிமலைக் கேணியிலை மிதக்கும். உங்கட கிணத்திலை போட்டா எங்கை வரும் எண்டு கேளும்."

"எலுமிச்சையோ எதுவோ, எங்கள் கிணற்றுக்குள் போனது திரும்பி வராது" என்றார் மதாம். "அது தெய்வங்களிடம் போகும்."

"போற வழி தெரியாத கிணறு எண்டு சொல்லும் அவவுக்கு."

"உங்கள் கிணறு மிகவும் அழகாக இருக்கவேண்டும் என்கிறார், மதாம்" என்று மொழிபெயர்த்தேன். எனக்கும் வேலை முக்கியம்.

அந்த நாட்களில் ஊரில் சண்டை மூண்டு, புத்தூர்ப் பக்கத்திலிருந்து சேதி வருவது நின்றுபோயிருந்தது. அவருடைய அம்மா அங்கே தனியாக இருந்தார். புதிதாக ஊரிலிருந்து வந்த எவனைக் கண்டாலும் அண்ணை மறித்து விசாரிப்பார். ஒன்றும் தெரியவராது. நாங்கள் அவரிடம் அம்மாவைப் பற்றிக் கேட்டால் கிணற்றைப் பற்றிச் சொல்வார். அதனால் நாங்களும் கிணற்றைப் பற்றியே கேட்கப் பழகிக்கொண்டோம்.

ஓகஸ்டில் உணவகத்துக்கு விடுமுறை. மதாமின் தங்கை மகளுக்கு ஊரில் கலியாணம். தன் சொந்தக்காரர்களுக்குப் பிரெஞ்சுச் சமையல் காட்டவேண்டும் என்று மதாமுக்கு ஆசை. சமைக்க நான், கழுவ அவர். இருவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் இருவரிடமும் அகதிப் பயணப் பத்திரம் இருந்தது. அண்ணை அதை மெத்ரோவில் வைத்து விரித்துப் பார்த்தார்.

"என்ன எழுதியிருக்கு, வாசியும்."

"எல்லா நாட்டுக்கும் போகலாம் அண்ணை. இலங்கைக்கு மட்டும் போகேலாது."

மடித்துப் பைக்குள் வைத்தார். "அப்ப மெக்சிக்கோவுக்குப் போவம்" என்றார்.

மெக்சிக்கோ விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அண்ணையின் பெட்டியைத் திறந்தார். பெனியனில் சுற்றி ஒரு குவியல் தேசிக்காய். லாச்சப்பலில் வாங்கியது. அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். ஒவ்வொன்றுக்கும் அண்ணை ஒரு தமிழ்ச் சொல் சொன்னார். எதையும் இங்கே எழுத முடியாது.

"எங்கள் நாட்டில் இது காய்க்காத வளவே கிடையாது. இதைப் பாரிஸிலிருந்து கொண்டுவந்திருக்கிறான்!" என்று மதாம் தலையில் கைவைத்தார்.

கலியாண வீட்டில் என்னுடைய பிரெஞ்சுச் சமையலை ஒருவரும் தொடவில்லை. கருக்கிய மிளகாயில் மதாமின் பெரியம்மா வைத்த வான்கோழிக் கறியைத்தான் ஊரே அள்ளிச் சாப்பிட்டது. அந்த ஊர் மிளகாய், ஒரு கடியில் பிரெஞ்சுக்காரனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பக்கூடியது. அண்ணை சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்று தட்டை நீட்டினார். அவ்வளவுதான், பெரியம்மா அவரைச் சொந்தமாக்கிக்கொண்டார்.

பெரியம்மா கழுத்தில் பூவேலை செய்த வெள்ளைச் சட்டை போட்டிருப்பார், காலில் செருப்பு இருக்காது. அண்ணை அவரை அக்கா என்று கூப்பிட்டார். இருவரும் மரத்தின் கீழே குந்தியிருந்து மலைபோல் கிடந்த பாத்திரங்களைக் கழுவினார்கள். இவர் தமிழில் கதைத்தார், அவர் மாயாவில் கதைத்தார். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் மரியாதையாகக் காத்திருந்தார். இடையில் மொழிபெயர்க்கப் போன என்னை இருவருமே முறைத்தார்கள்.

மறுநாள் காலை கிணற்றுக்குப் போனோம். சோளத் தோட்டத்துக்குப் பின்னால் நிலத்தில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். ஓரத்தில் ஒரு பெரிய மரம் நின்றது. அதன் வேர்கள் கயிறு கயிறாக ஓட்டைக்குள் இறங்கியிருந்தன. மரத்தால் செய்த படிகள் உள்ளே போயின.

அண்ணை ஆயத்தமாக வந்திருந்தார். உச்சி முதல் பாதம்வரை நல்லெண்ணெய். வெயிலில் ஒரு வெண்கலச் சிலைபோல் மின்னினார். பெரியம்மா மூக்கைச் சுளித்து, கையால் வழியை மறித்தார். தண்ணீருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், எண்ணெயோடு அவர்களிடம் போகக்கூடாது என்று மதாம் விளக்கினார். பிறகு வாளியும் சாம்பலும் தும்பும் வந்தன. ஒரு பக்கம் மதாம், மறுபக்கம் பெரியம்மா. பாத்திரம் கழுவி வாழ்ந்த மனிதனை அன்றைக்கு அடிப்பிடித்த சட்டிபோல் தேய்த்தெடுத்தார்கள்.

"தம்பி, தோல் போகுது எண்டு சொல்லும்!"

"தாராளமாகத் தேய்க்கச் சொல்கிறார், மதாம்" என்றேன்.

படிகளில் கீழே இறங்கினோம். பெரிய மண்டபம் போன்ற குகை. கூரையிலிருந்து கல் விழுதுகள் தொங்கின. மேல் ஓட்டை வழியாக வந்த வெளிச்சம் தூண்போல நேரே தண்ணீருக்குள் இறங்கி நின்றது. தண்ணீர் நீலம். மரவேர்கள் அதில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தன. எங்கோ இருட்டில் வௌவால்களின் சலசலப்பு.

பெரியம்மா கரையில் நின்று மாயாவில் ஏதோ மெல்லச் சொன்னார். உள்ளே வர அனுமதி கேட்கிறார் என்றார் மதாம். பிறகு பெரியம்மா அண்ணையைப் பார்த்து, நீ கேள் என்று கையைக் காட்டினார். நிலாவரையின் பெருமையைத் தொடங்கப்போகிறார் என்று நான் பயந்தேன். அவர் ஈரக் கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

"நான் புத்தூர். அம்மா அங்கை தனிய இருக்கிறா. கனநாளாச் சேதி இல்லை. உங்கட வழியாலை அந்தப் பக்கம் போறவையள் ஆரும் இருந்தா, ஒருக்காப் பாருங்கோ."

நான் இதை மொழிபெயர்க்கவில்லை. சுங்கக் கதையை மதாமிடம் கேட்டிருந்த பெரியம்மா, தன் வளவில் பிடுங்கிய தேசிக்காய் ஒன்றை அவர் கையில் வைத்தார். அவர் அதைத் தண்ணீரில் விட்டார். அது தாழவில்லை, வட்டமடித்து மிதந்தது. கையால் அமுக்கினார், துள்ளி மேலே வந்தது. திரும்ப அமுக்கினார், திரும்ப வந்தது. மதாம் சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினார்.

"நிலாவரையிலை தானாப் போகும்" என்றார் அண்ணை கோபமாக. பிறகு தேசிக்காயைப் பிடித்து, நீண்ட மூச்சு ஒன்று எடுத்து, தலைகீழாக உள்ளே போனார்.

இதுவரை அவர் எங்கும் தலைகீழாகப் போனதை நான் கண்டதில்லை. வெளிச்சத் தூணுக்குள் அவருடைய உள்ளங்கால்கள் இரண்டும் வெள்ளையாகத் தெரிந்தன. பிறகு அவையும் தெரியவில்லை. தண்ணீர் மூடி அமைதியாகிவிட்டது. எனக்கு நீந்தத் தெரியாது. "அண்ணை! அண்ணை!" என்று கத்தினேன். வௌவால்கள் கிளம்பி என் தலைக்கு மேலே பறந்தன. மதாம் செருப்பைக் கழற்றிவிட்டார். பெரியம்மா மட்டும் அசையாமல் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்.

குகையின் மறுகோடியில், இருட்டுக்குள், ஒரு பெரும் இருமல் கேட்டது. மதாம் பாய்ந்து நீந்திப்போய் அவரை வேரொன்றைப் பிடிக்க வைத்தார். கையில் தேசிக்காய் இல்லை.

"ஒரு பொந்து இருந்தது, தம்பி. தண்ணி உள்ளுக்கை இழுக்குது. அதுக்கை விட்டிட்டன்" என்றார். மூச்சு வந்தபின், "வாயிலை உப்பு" என்றார்.

உப்பு இருக்கிற அவ்வளவு ஆழத்துக்கு அவர் போயிருக்க முடியாது. படியில் ஏறும்போது மதாம் கேட்டார்: "எங்கள் கிணறு ஆழமா இல்லையா, சொல்லட்டும்."

"ஓம் எண்டு சொல்லும்" என்றார். நாலு படி ஏறியபின், "எங்கடையும்தான் எண்டு சொல்லும்."

பாரிஸ் திரும்பிச் சில வாரங்களுக்குப் பிறகு, ரூ பெர்தொனேயில் எங்களுக்குத் தெரிந்த கடைக்காரர் உணவகத்துக்கு மூச்சிரைக்க ஓடிவந்தார். கொழும்பிலிருந்து தொலைபேசி, திரும்ப எடுப்பார்களாம், அண்ணையை உடனே வரச்சொல்லு என்றார். நுரை பிடித்த கையோடு அண்ணை ஓடினார். நானும் ஓடினேன்.

அம்மா எப்படியோ கொழும்புக்கு வந்து சேர்ந்திருந்தார். இரண்டு பக்கமும் கத்தினார்கள். அம்மாவின் குரல்கூடக் கடை முழுக்கக் கேட்டது. மீன் வாங்க வந்தவர்கள்கூடப் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள்.

"அம்மா! கீரிமலையிலை ஆரும் தேசிக்காய் கண்டவையே? ஒரு பெரிய தேசிக்காய்!"

"தேசிக்காயோ? என்ரை கடவுளே, அங்கை உனக்கு ஊறுகாய்க்கும் வழியில்லையோ? பொறு ராசா, ஆரும் வந்தாக் குடுத்து விடுறன்!"

கடை வெடித்துச் சிரித்தது. அண்ணையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அரிசி மூட்டைமீது உட்கார்ந்தவர், கொஞ்ச நேரம் எழும்பவில்லை.

உணவகத்துக்குத் திரும்பியபோது மதியச் சாப்பாட்டுக்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தொட்டி முழுக்கப் பாத்திரம். அண்ணை சாமான் அறைக்குள் ஏப்ரன் எடுக்கப் போனார். வரவில்லை. போய்ப் பார்த்தேன். உருளைக்கிழங்குச் சாக்கில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த மனிதன் மாதக்கணக்காக ஒழுங்காகத் தூங்கவில்லை என்று பக்கத்துப் பாயில் படுத்த எனக்குத் தெரியும். மதாம் எட்டிப் பார்த்தார். வானொலியை நிறுத்திவிட்டுப் போனார்.

நான் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டியில் இறங்கினேன். ஒரு கரண்டிகூட இன்னொன்றோடு முட்டிச் சத்தம் போடாதபடி, எல்லாவற்றையும் கழுவி முடித்தேன்.