பத்து மீட்டர் புளூடூத்

எங்கள் அலுவலகத்தில் கம்பி ஒழிப்பு நாள் கொண்டாடினார்கள். கொண்டாடியவர்கள் அவர்கள், ஒழித்தவள் நான்.

குடிநீர் இணைப்பு கொடுக்கிற அலுவலகம். பதினொரு வருடமாக அங்கே தரை துடைக்கிறேன், மேசை துடைக்கிறேன், குப்பைக் கூடையைக் கவிழ்க்கிறேன். பதினொரு வருடமும் தற்காலிகமாகத்தான்.

வயர் வைத்திருப்பது நாகரிகமில்லை என்று தலைமை அலுவலகத்துக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். உடனே ஒரு சுற்றறிக்கை வந்தது. 'கம்பிகளற்ற, சிக்கல்களற்ற, பொலிவுறு அலுவலகச் சூழலை எய்தும் பொருட்டு' என்று தொடங்கி மூன்று பக்கம் போனது. சாரம் இதுதான்: கண்ணில் படுகிற வயரையெல்லாம் பிடுங்க வேண்டும். பிடுங்குவதற்கு முன்னால் ஒரு போட்டோ, பிடுங்கிய பின்னால் ஒரு போட்டோ அனுப்ப வேண்டும். கரண்டு வயருக்கு மட்டும் விலக்கு. அதுவும் நிறைய யோசித்துத்தான் கொடுத்தார்களாம்.

விழாவில் ரிப்பனுக்குப் பதிலாக எங்கள் அதிகாரி ஒரு வயரை வெட்டினார். அது அவருடைய அழைப்பு மணியின் வயர். அன்றிலிருந்து யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டுகிறார். வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் உள்ளே என்ன விசேஷம் என்று எட்டிப் பார்க்கிறார்கள்.

மிச்ச வயரையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி என்னிடம் கொடுத்தார்கள்.

"எங்க போடுறது சார்?"

"கண்ணுல படாத இடத்துல போடு."

போட்டேன். ஒன்றை மட்டும் போட மனசு வரவில்லை. லேப்டாப்பிலிருந்து ஜன்னலோரம் இருக்கிற பிரிண்டர் வரைக்கும் சுவரை ஒட்டிப் போன நீல வயர், பத்து மீட்டர். வீட்டில் துணிக்கொடி அறுந்து ஒரு வாரமாக ஈரத்துணியை நாற்காலி முதுகில் போட்டுக்கொண்டிருந்தோம். ஜன்னல் கம்பிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் இழுத்துக் கட்டினேன். நல்ல வயர். நனைந்த போர்வையைப் போட்டாலும் தொய்யாது.

அதற்கு மறுநாள் என் உத்தரவு வந்தது.

பணி நிரந்தர உத்தரவு. லேப்டாப் திரையில் என் பெயர், என் அப்பா பெயர் எல்லாம் இருந்தது. அதை அச்சிட்டு, அதிகாரி கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மாதக் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் என் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் காலாவதி. அதற்கப்புறம் இன்னொரு உத்தரவும் வராது. ஐம்பது முடிந்தவர்களை நிரந்தரமாக்க விதியில்லை. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி எனக்கு ஐம்பது. என்னைப் பள்ளியில் சேர்த்தபோது யாரோ வாயில் வந்த தேதியைச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளியை நான் அஞ்சாம் வகுப்போடு விட்டுவிட்டேன். தேதி என்னை விடவில்லை.

"ஒரு தாள்தானே, இப்பவே எடுத்துத் தர்றேன்" என்றார் தலைமை எழுத்தர் மேடம். பட்டனை அழுத்தினார். பிரிண்டர் சும்மா இருந்தது.

கம்ப்யூட்டர் பார்க்கிறவரைக் கை தட்டிக் கூப்பிட்டார்கள். நாற்பது வயது, முன் வழுக்கை. எந்தக் கோளாறைச் சொன்னாலும் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்பார். ஒருமுறை மின்விசிறிக்கும் அதையே சொன்னார். அதனால் அவருக்குப் பெயரே ரீஸ்டார்ட்.

"இனிமே பிரிண்டர் வயர் இல்லாம புளூடூத்துலதான் வேலை செய்யும். அதுக்கு லேப்டாப்புல டிரைவர்னு ஒரு சாஃப்ட்வேர் ஏத்தணும். பத்து நிமிஷ வேலை" என்றார்.

ஏற்றினார். திரையில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். முக்கால் தூரம் போனதும் கோடு நின்றது. 'சாதனம் கண்டறியப்படவில்லை' என்று சிவப்பில் வந்தது. ரீஸ்டார்ட் செய்தார். மறுபடியும் பச்சை, மறுபடியும் சிவப்பு. பழைய டிரைவரை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றினார். புதியதை நீக்கிவிட்டுப் பழையதை ஏற்றினார். ஒவ்வொரு தடவையும் ஒரு சோதனைத் தாளை அச்சுக்கு அனுப்பிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. இப்படி ஒரு வாரம் போனது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. "கையால எழுதித் தரச் சொல்லு" என்றார் என் வீட்டுக்காரர். தையல் வேலை செய்கிறவர். எதையும் கையால் செய்துவிடலாம் என்ற நம்பிக்கை உள்ளவர். மேடத்திடம் கேட்டேன்.

"கையால எழுதினா அது கடிதம். அச்சடிச்சாத்தான் உத்தரவு."

"வெளியில கடையில அச்சடிச்சா?"

"அலுவலக ரகசியம் வெளியில போகக் கூடாதும்மா."

என் உத்தரவு ஒரு வாரமாகத் திரையில் திறந்தபடியே இருந்தது. தண்ணீர் இணைப்புக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லாம் படித்துவிட்டு எனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ரகசியத்தைத்தான் மேடம் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வாரம் அதிகாரி எல்லோரையும் கூட்டினார்.

"தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போகணும். புளூடூத் வேலை செய்யுதா, ஆம், இல்லைன்னு ரெண்டே பதில்."

"இல்லைன்னு போடுங்க சார்" என்றார் ரீஸ்டார்ட்.

"இல்லைன்னா காரணம் எழுதணும். பத்து வரி இடம் விட்டிருக்கான்."

"ஆம்னா?"

"ஒண்ணும் எழுத வேண்டாம்."

ஆம் என்று போட்டார்கள். அன்று மாலை நாலு மணி முதல் அறிக்கையில் புளூடூத் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. லேப்டாப்பில்தான் பாக்கி.

மூன்றாவது வாரம் தலைமை அலுவலகத்திடம் உதவி கேட்கலாம் என்று முடிவானது. அதற்கென்று லேப்டாப்பில் ஒரு படிவம் இருந்தது. அதை அச்சிட்டு, கையொப்பமிட்டு, முத்திரையிட்டு அனுப்ப வேண்டும்.

"பிரிண்டர் ஓடலன்னு சொல்றதுக்குத்தானே படிவம்? அதை எதுல அச்சடிக்கிறது?" என்று கேட்டுவிட்டேன்.

"நீ பெருக்குற வேலையைப் பாரு. அதையெல்லாம் யோசிக்காமலா படிவம் போட்டிருப்பாங்க?" என்றார் மேடம். பிறகு அவரும் கொஞ்ச நேரம் அந்தப் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதக் கடைசி நாள் வந்துவிட்டது. மத்தியானம் இரண்டு மணிக்கு நான் அதிகாரி அறை வாசலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். அழுகைக்குப் படிவம் கிடையாது. அதனால் அதிகாரி தன் செல்போனிலேயே தலைமை அலுவலக உதவி எண்ணைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தார். ஒரு பெண் பேசினாள்.

"உங்க அலுவலகத்துல புளூடூத் வேலை செய்யுதுன்னு பதிவாகியிருக்கே சார். வேலை செய்யுற புளூடூத்துக்கு எப்படி உதவி பண்றது?"

"வேலை செய்யுதும்மா. இன்னும் நல்லா வேலை செய்யணும்னு பாக்குறோம்."

"லேப்டாப் மாடல் நம்பர் சொல்லுங்க."

யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். தினமும் தூக்கித் துடைக்கிறவள் நான்தானே. அடியில் ஒட்டியிருந்ததை மனப்பாடமாகச் சொன்னேன்.

அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது. "சார், அந்த மாடல்ல புளூடூத்தே கிடையாது. உள்ள அந்தப் பொருளே வைக்கல. எத்தனை டிரைவர் போட்டாலும் ஏறாது."

அதிகாரி போனை அணைத்துவிட்டு ரீஸ்டார்ட்டைப் பார்த்தார்.

"நீங்க டிரைவரை ஏத்துங்க."

"சார், புளூடூத்தே இல்லன்னு..."

"இல்லன்னு எப்படிய்யா சொல்றது? இருக்குன்னு எழுதியாச்சு. எழுதினதுக்கப்புறம் இல்லாமப் போச்சுன்னா, அப்ப அது காணாமப் போன கணக்கு. யாரு பொறுப்பு? நீங்களா, நானா?"

ரீஸ்டார்ட் போய் உட்கார்ந்து, இல்லாத பொருளுக்கு மறுபடியும் டிரைவர் ஏற்றத் தொடங்கினார். பச்சைக் கோடு நகர்ந்தது. மணி மூன்றரை.

"சார், அந்தப் பழைய வயர் இருந்தா ஓடுமா?" என்று ரீஸ்டார்ட்டிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஓடும்மா. ஒரு நிமிஷத்துல ஓடும். அதைத்தான் தூக்கிப் போட்டாச்சே."

நான் செருப்பைக்கூடப் போடாமல் வீட்டுக்கு ஓடினேன். கொடியில் என் வீட்டுக்காரரின் சட்டையும் இரண்டு பனியனும் தொங்கின. இழுத்துப் போட்டுவிட்டு முடிச்சை அவிழ்த்தேன்.

"ஏய், இப்பத்தான் காயப் போட்டேன்! என்ன பண்ற?"

"நிரந்தரமாகப் போறேங்க!"

"அதுக்கு என் பனியன் என்ன பாவம் பண்ணிச்சு?"

பதில் சொல்ல நேரமில்லை. நாலேகாலுக்கு வயரைத் தோளில் சுற்றிக்கொண்டு அதிகாரி முன்னால் நின்றேன். துணிக் கிளிப் ஒன்று அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன இது?"

"வயர் சார்."

"வயர்னு சொல்லாதே! இந்த அலுவலகத்துல வயர் கிடையாது. போட்டோ எடுத்து அனுப்பியாச்சு."

மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டார். என் கண்ணீருக்கு இரங்கினாரா, ஐந்தரை பஸ் போய்விடும் என்று பயந்தாரா, தெரியவில்லை.

"சார், லேப்டாப்புலேர்ந்து பிரிண்டருக்குச் சேதி கொண்டுபோறது எது?"

"புளூடூத்."

"இது என்ன பண்ணப்போகுது?"

"சேதி கொண்டுபோகும்."

"அப்ப இது என்ன சார்?"

அதிகாரி வயரை மேலும் கீழும் பார்த்தார். "கொஞ்சம் நீளமா இருக்கே" என்றார்.

"தரை விரிப்புக்கு அடியில விட்டா கண்ணுல படாது. கண்ணுல படுறதைத்தானே சுற்றறிக்கை வேண்டாம்னு சொல்லுது?" என்றார் மேடம்.

விட்டோம். ரீஸ்டார்ட் இரண்டு முனையையும் செருகினார். மூன்று வாரமாகப் பிணம் மாதிரிக் கிடந்த பிரிண்டர் உறுமியது. முதல் தாள் வந்தது. பாய்ந்து எடுத்தேன். 'வாழ்த்துகள்! உங்கள் பிரிண்டர் சரியாக வேலை செய்கிறது' என்று இருந்தது.

இரண்டாவது தாளிலும் அதே வாழ்த்து. மூன்றாவதிலும் அதேதான்.

"என்னய்யா இது?" என்று அதிகாரி கத்தினார்.

"நான் தினமும் அனுப்பின சோதனைத் தாள் சார். முதல்ல அனுப்பினது முதல்ல வரும். ஒரு நூத்தம்பது, நூத்தறுபது இருக்கும். முதல்நாள் மேடம் அனுப்பின உத்தரவு அன்னைக்கே அழிஞ்சுபோச்சு. இன்னைக்குக் காலையில மறுபடி அனுப்பினதுதான் கடைசியில இருக்கு."

"நிறுத்துங்க!"

"நிறுத்த பாஸ்வேர்டு கேக்குது. அது தலைமை அலுவலகத்துல இருக்கு."

"அப்ப ரீஸ்டார்ட் பண்ணுங்கய்யா!"

ரீஸ்டார்ட் கையெடுத்துக் கும்பிட்டார். "வேண்டாம் சார். இப்பப் பண்ணா மறுபடி எது எங்க போய் நிக்கும்னு எனக்கே தெரியாது." அவர் வாயிலிருந்து ரீஸ்டார்ட் வேண்டாம் என்று வந்ததை அன்றுதான் கேட்டேன்.

பிரிண்டர் எங்களை வாழ்த்திக்கொண்டே இருந்தது. நாலே முக்காலுக்கு வெள்ளைத் தாள் தீர்ந்துவிட்டது. அலமாரியில் வேறு கட்டு இல்லை. நான் வாழ்த்துத் தாள்களையே அள்ளித் தட்டி, புரட்டி, உள்ளே வைத்தேன். முதுகுப் பக்கத்திலும் வாழ்த்துகள் வந்தன. நாலு ஐம்பத்தாறுக்கு என் பெயர் வந்தது. அதிகாரி கையெழுத்துப் போட்டார், மேடம் முத்திரை குத்தினார். முன்பக்கம் நான் நிரந்தரம். பின்பக்கம் என் பிரிண்டர் சரியாக வேலை செய்கிறது.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் புளூடூத்தில் தாள் எடுத்த முதல் கிளை எங்களுடையதுதான் என்று தலைமை அலுவலகம் கண்டுபிடித்துவிட்டது. எல்லாக் கிளைகளுக்கும் அதே லேப்டாப்தான் கொடுத்திருந்தார்கள். மற்ற கிளைகளும் ஆம் என்றுதான் எழுதியிருந்தன; ஆனால் தாள் வரவில்லை. எங்களுக்கு முன்மாதிரி அலுவலகம் என்று ஒரு கேடயம் வந்தது. கேடயம் வந்தால் தணிக்கை வரும் என்று மேடம் அந்தப் பொருளை இருப்புப் பதிவேட்டில் ஏற்றினார்: 'புளூடூத், ஒன்று. நிறம் நீலம். நீளம் பத்து மீட்டர். பொறுப்பாளர்: நிரந்தரத் துப்புரவுப் பணியாளர்.' அதற்கு நேராக நான் கையெழுத்துப் போட்டேன். தினமும் காலையில் விரிப்பைத் தூக்கி அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுகிறேன். வீட்டில் துணி மறுபடியும் நாற்காலி முதுகில் காய்கிறது.

போன வாரம் வேறு கிளையிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளும் துப்புரவு வேலைதான், ஒன்பது வருடமாகத் தற்காலிகம். அவள் உத்தரவும் லேப்டாப்பில் மாட்டிக்கொண்டிருந்தது. மாதக் கடைசிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. என்னைத் தனியாகப் பின்பக்கம் கூட்டிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்கு மட்டும் எப்படி ஓடுது? எல்லாரும் ஒண்ணொண்ணு சொல்றாங்க. நீங்க உண்மையைச் சொல்லுங்க. நீங்க வச்சிருக்கிறது வெறும் வயர்தானே?"

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது. வயர் என்று வெளியே போனால், பதிவேட்டில் இருக்கிற புளூடூத் எங்கே என்று என்னைத்தான் கேட்பார்கள். நிரந்தரமாகி இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை.

"வயர்னு எப்படிம்மா சொல்றது?" என்றேன். "புளூடூத்துன்னு எழுதியாச்சே."

அவள் பிடித்த கையை விடவில்லை. வெறும் கையோடு அனுப்ப மனசு கேட்கவில்லை.

"நீங்க ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.