டெஸ்டிங் சாரும் காதுப் பஞ்சும்

தான் பேசுவது கேட்கிறதா என்று விசாரித்துவிட்டு அதற்கப்புறம் பேசிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் போய்விட்டார். மிச்சமிருக்கும் நாம் எல்லோரும், கேட்கிறதா இல்லையா என்ற கவலையே இல்லாமல் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மைசூரில் நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் அவர் ஸ்டோர் சூப்பரின்டெண்டென்ட். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. எங்களுக்கு அவர் டெஸ்டிங் சார். இன்டர்காமை எடுத்தால் முதலில் ரிசீவரை நகத்தால் தட்டுவார். "டெஸ்டிங். ஒண்ணு, ரெண்டு, மூணு. கேக்குதா சிஸ்டர்?" என்பார். அதற்குப் பிறகுதான் கையுறை வந்துவிட்டதா என்ற கேள்வி வரும். இளவயதில் பெண் பார்க்கப் போன இடத்தில் இருவரையும் தனியாகப் பேசச் சொன்னார்களாம். இவர் தொண்டையைக் கனைத்து "டெஸ்டிங்" என்று ஆரம்பித்தாராம். கல்யாணம் நின்றது அதனால்தான் என்று பிசியோதெரபி பிரகாஷ் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தான். கதை கட்டுவதில் அவன் கெட்டிக்காரன். ஆனால் சார் கடைசிவரை பிரம்மச்சாரி என்பது நிஜம்.

வார்டு, லேப், ஸ்டோர் ஆட்கள் எல்லோருமாக வருஷத்துக்கு ஒருமுறை எங்காவது போய் வருவோம். மற்றவர்கள் சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்பார்கள். இவர் மட்டும், "தொலைஞ்சு போனா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்பார். கிளம்பும் முன்னாலேயே காரியத்துக்கு நாள் குறிக்கிற மாதிரி இருக்கும். போன் இருக்கிறதே என்றால், "மலைக்குப் பின்னால உங்க போன் வெறும் கண்ணாடி" என்பார். நச்சரித்து நச்சரித்து, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாக்கி டாக்கி வாங்க வைத்தார்.

வாங்கிய கதை தனி. கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

"இது எவ்வளவு தூரம் எடுக்கும்?"

"பத்து கிலோமீட்டர் சார். பாக்ஸ்லயே போட்டிருக்கு."

"பாக்ஸ்ல சிரிச்ச முகமா ஒரு குடும்பம்கூடத்தான் போட்டிருக்கு. அதுவும் உள்ள இருக்கா?"

கடைக்காரர் இன்னும் பவர் ஜாஸ்தியான செட்டைக் காட்டினார். அதற்கு லைசென்ஸ் வேண்டும் என்று இவருக்குத் தெரியும். "போலீஸ் வந்தா நீங்க வருவீங்களா? லைசென்ஸ் இல்லாம பேசலாம்னு விட்டிருக்காங்களே, அந்தச் சின்னப் பவர் செட்டு, அதைக் குடுங்க சாமி. கம்மியாத்தான் போகும். எவ்வளவு கம்மின்னு தெரிஞ்சுண்டா போதும்."

தெரிந்துகொள்ள என்னைத்தான் பிடித்தார். குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி, கையில் செட்டோடு நடந்தேன். "மரத்துக்குப் பின்னால போங்க சிஸ்டர். இப்போ குனியுங்க. பள்ளத்துல இறங்குங்க." காலை நடைக்கு வந்த பெரியவர்கள் என்னை ஏதோ பிரார்த்தனையில் இருப்பவள் என்று நினைத்து வழிவிட்டார்கள். தண்ணீருக்கு மேலே எதிர்க்கரை வரை தெளிவாகக் கேட்டது. ஒரு மண்மேட்டுக்குப் பின்னால் போனதும் செத்துவிட்டது. அவர் முகம் அன்று முழுக்க இருண்டே இருந்தது.

முதல் பயணம் ஸ்ரீரங்கப்பட்டணம் ஆற்றோரம். லைசென்ஸ் வேண்டாத சேனல் என்பதால் யார் வேண்டுமானாலும் அதில் பேசலாம் என்பது அங்கேதான் எங்களுக்கு உறைத்தது. பக்கத்துக் கல்யாண மண்டபத்துச் சமையல்காரர்கள் எங்கள் செட்டுக்குள் வந்து, "மூறனே பந்திகெ பாயச எல்லி?" என்று கத்தினார்கள். பிரகாஷ் பட்டனை அழுத்தி, "பர்தா இதெ சார், ஐது நிமிஷ" என்று, ஐந்தே நிமிஷத்தில் வந்துவிடும் எனப் பதில் சொன்னான். அந்த மூன்றாம் பந்திக்குப் பாயசம் போனதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்கப்புறம்தான் எல்லா செட்டிலும் சார் ஒரே கோட் நம்பர் போட்டார். கல்யாணக்காரர்கள் போன இடம் தெரியவில்லை.

"இனிமே நாம பேசறது வேற யாருக்கும் கேக்காதா சார்?"

"தப்பு. எல்லாருக்கும் கேக்கும். கோடுங்கறது பூட்டு இல்ல சிஸ்டர், பஞ்சு. நம்ம காதுல நாமே வெச்சுக்கற பஞ்சு. நம்ம கோட் நம்பர் இல்லாதவன் கத்தினா நமக்கு விழாது, அவ்வளவுதான். யாராவது காணாமப் போனா, முதல் வேலை பஞ்சை எடுங்க. நம்பரை ஜீரோ பண்ணுங்க."

இதையும், பேசி முடித்ததும் 'ஓவர்' சொல்ல வேண்டும் என்பதையும் ஒவ்வொரு பயணத்திலும் வேனுக்குள் நின்றுகொண்டு சொல்வார். நாங்கள் அந்தாக்ஷரி ஆரம்பித்துவிடுவோம்.

அவருக்கு ஏன் இந்தக் கிறுக்கு என்று எனக்கு மட்டும் தெரியும். ஒரு மத்தியானம் ஸ்டோரில் பஞ்சு எண்ணிக்கொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமலே சொன்னார். அவருக்கு ஒரு தம்பி. காலேஜில் அருவி பார்க்கக் கூட்டிப் போன இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டான். பஸ்ஸில் தலை எண்ணியவன் தப்பாக எண்ணினான். பஸ் பாட்டுப் பாடிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தது. "உடனே போகல சிஸ்டர் அவன். ரொம்ப நேரம் கத்தியிருக்கான். அக்கரைல மாடு மேய்ச்சவருக்குக் கேட்டுதாம். பசங்க விளையாடறாங்கன்னு நினைச்சாராம்." அவ்வளவுதான் சொன்னார். பிறகு பஞ்சை முதலிலிருந்து எண்ணினார்.

அதற்கு மறு வருஷம் மாதேஸ்வரன் மலை. எங்கள் ஆயா சிவம்மாவுக்கு ஹனூர் பக்கம். மகள் பிரசவத்தில் பிழைத்ததற்கு நடந்தே மலையேறுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். எங்கள் வார்டில் எல்லா சாமிக்கும் ஆள் உண்டு. அந்தோணியாரைக் கும்பிடுகிற நானும் கிளம்பினேன். கொள்ளேகால் தாண்டி, அடிவாரத்தில் வேனை விட்டுவிட்டு ஏறினோம். வழக்கம்போல டெஸ்டிங் சார் கடைசி ஆள். தனக்குப் பின்னால் யாரையும் விடமாட்டார்.

பாதி வழியில் மழை பிடித்தது. பாதையில் புது யானைச் சாணம் வேறு கிடந்தது. அந்த நேரம் பார்த்து சிவம்மாவின் செட்டு சார்ஜ் இல்லாமல் அணைந்துபோனது. சார் தன் செட்டை அவள் கையில் திணித்தார். "நட, நட, மேல தகரக் கொட்டகை இருக்கு, எல்லாரும் அங்க போங்க!" என்று விரட்டினார். பைக்குள் உபரியாக வைத்திருந்த புது செட்டைத் தான் எடுத்துக்கொண்டார். அவர் "டெஸ்டிங்" சொல்லாமல் ஒரு செட்டைக் கையில் எடுத்தது வாழ்நாளிலேயே அந்த ஒரு தடவைதான். பெட்டியிலிருந்து வந்தபடியே இருந்த அந்த செட்டில் கோட் நம்பர் போட்டிருக்கவில்லை.

கொட்டகைக்குள் ஈரத்தோடு நெருக்கி உட்கார்ந்தோம். தகரத்தில் மழை அடித்தது. பிரகாஷ் பாட்டெடுத்தான், நாங்கள் கை தட்டினோம். பிறகு அவன் செட்டை வாயில் வைத்து, சாரின் குரலிலேயே, "டெஸ்டிங். பொண்ணு பார்க்க வந்திருக்கேன், கேக்குதா?" என்றான். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்தது. வெகுநேரம் கழித்து சிவம்மாதான் கேட்டாள்.

"ஏனுங்க சிஸ்டர், ஸ்டோர் சாரு இன்னும் வரலீங்களே?"

கூப்பிட்டோம். பதில் இல்லை. பிரகாஷும் இன்னும் இருவரும் மழையில் இறங்கி, பாதையில் ரொம்ப தூரம் போய்த் தேடிவிட்டுத் திரும்பினார்கள். பாதையில் யாருமில்லை. ஓரத்தில் உண்ணிச்செடிப் புதர், அதற்குக் கீழே ஓடைச் சத்தம். யாரோ மெதுவாக "யானை" என்றார்கள்.

பிறகு ஒவ்வொருவராகச் செட்டோடு பேச ஆரம்பித்தார்கள். சவப்பெட்டிக்கு முன்னால் நின்று பேசுகிற மாதிரிதான் பேசினார்கள். பிரகாஷ் அழுதான். "சார், சிவம்மா செட்டுச் சார்ஜரைப் பிடுங்கிட்டு என் போனைப் போட்டது நான்தான் சார். சும்மா கிண்டல் பண்ணேன் சார், வந்துடுங்க." லேப்காரம்மா, ஸ்டோரிலிருந்து எடுத்த கத்தரிக்கோலைத் திருப்பித் தருவதாகச் சத்தியம் செய்தார். என் முறை வந்தது. கணவர் போனதிலிருந்து வீட்டில் நான் தனி ஆள். மனசில் இருந்ததை அப்படியே சொன்னேன். "சார், நான் எங்க போனாலும் வந்து சேந்தாச்சான்னு கேக்கறதுக்கு உங்களை விட்டா எனக்கு ஆள் கிடையாது. நீங்க வந்து சேருங்க சார்."

சிவம்மா மட்டும் கையிலிருந்த செட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பச்சை லைட்டு அப்பவே புடிச்சு மின்னி மின்னி நிக்குதுங்க சிஸ்டர். சத்தந்தான் வரலீங்க. கெட்டுப் போச்சுங்களா?"

நான் என் செட்டைப் பார்த்தேன். அதிலும் மின்னியது. நாங்கள் யாரும் பேசவில்லை, ஆனாலும் மின்னியது. யாரோ இந்தச் சேனலில் பேசுகிறார்கள், எங்கள் காதில் விழவில்லை. நாங்கள் பாடியபோதும் அது மின்னியிருக்க வேண்டும்.

"பஞ்சு!" என்று கத்தினேன். "பஞ்சை எடுங்க எல்லாரும்!"

மற்றவர்கள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று பார்த்தார்கள். கோட் நம்பரை ஜீரோவுக்குக் கொண்டுவந்தேன். மழை இரைச்சலுக்கு நடுவே, தேய்ந்துபோன ஒரு குரல் வந்தது.

"…டெஸ்டிங். ஒண்ணு, ரெண்டு, மூணு. யாருக்காவது கேக்குதா. ஓவர்."

"கேக்குது சார்! கேக்குது!"

பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"சிஸ்டர், நீங்க ஓவர் சொல்லல. ஓவர்."

கொட்டகைக்கு நேர் கீழே, புதருக்குள் மறைந்த பள்ளத்தில் வழுக்கி விழுந்து கிடந்தார். தொடை எலும்பு முறிந்திருந்தது. அவருடைய கறுப்புக் குடையைக் கட்டையாக வைத்து, சிவம்மாவின் சேலை முந்தானையைக் கிழித்துக் காலைக் கட்டினேன். மேலேயிருந்து வந்த பக்தர்களும் வனத்துறை ஆட்களும் போர்வையில் போட்டுத் தூக்கினார்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர் பிரகாஷ் பக்கம் திரும்பி, "சார்ஜர்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. எங்கள் பேச்சுதான் அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பெண் பார்த்த கதையிலிருந்து கத்தரிக்கோல் வரை அத்தனையும் அவருக்குக் கேட்டிருந்தது. அவர் செட்டின் காதில்தான் பஞ்சு இல்லையே.

கால் ஒன்று குட்டையாகிவிட்டது. வாக்கரோடு ரிட்டையர் ஆனார். என் வீட்டுக்குப் பின்தெருவில் ஒரு அறை எடுத்து வந்து சேர்ந்தார். ஏன் அங்கே என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நான் டியூட்டி முடிந்து கதவைத் திறந்து விளக்கைப் போட்டதும், அலமாரி மேலிருக்கும் செட்டு பேசும்.

"டெஸ்டிங். வந்து சேந்தாச்சா சிஸ்டர்? ஓவர்."

"வந்து சேந்தாச்சு சார். ஓவர்."

அவ்வளவுதான் பேச்சு. அண்ணன் தம்பி யாரும் என்னிடம் இவ்வளவு அக்கறையாகப் பேசியதில்லை.

போன மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி முற்றி எங்கள் வார்டிலேயே வந்து படுத்தார். முகத்தில் மாஸ்க், பேச வராது. இருபத்தைந்து வருஷமாகப் பல பேர் போவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அவர் விரல் நீலமாவதைப் பார்த்து எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. என் வீட்டு செட்டையும் அவர் அறையிலிருந்த செட்டையும் எடுத்துவந்து ஒன்றை அவர் கையில் வைத்தேன். விரல் தடவித் தடவிப் பட்டனைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்தியது. என் கையிலிருந்த செட்டில் பச்சை விளக்கு எரிந்தது. மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"கேக்குது சார்," என்றேன். இந்த முறை மறக்காமல் ஓவரும் சொன்னேன்.

இப்போதும் வீடு திரும்பியதும் அலமாரி மேலிருக்கும் செட்டை எடுத்து, "வந்து சேந்தாச்சு சார்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறேன். தெருமுனைக் கட்டிடத்து வாட்ச்மேன் ஒருவர் அதே சேனலில் இருக்கிறார் போலிருக்கிறது. "ஆயித்து மேடம், கேட் ஹாக்கொள்ளி" என்று, கேட்டைப் பூட்டிக்கொள்ளச் சொல்கிறார். பிரகாஷ் கேட்டுவிட்டு, கோட் நம்பர் போட்டால் இந்தத் தொல்லை இருக்காதே என்றான். நான் போடவில்லை. போகிற அவசரத்தில் டெஸ்டிங் சார் எந்த செட்டை எடுத்துக்கொண்டு போனாரோ, சரிபார்த்திருக்க மாட்டார்.